மூட்டை தூக்கிய நோயாளி

அத்தியாயம் 6

குச்சி ஸ்டுடியோ வாசல் வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, கதவைக் கண்டதும் நொண்ட ஆரம்பித்தான்.

“சித்தி, நீங்க உள்ள போயிட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது.”

“எந்தக் கால்?”

“இடது கால்.”

“தெருமுனையில வலது காலைத்தானே இழுத்துக்கிட்டு வந்தே?”

மாட்டிக்கொண்டான். வலி என்னவோ நிஜம்தான். காலையில் டிரைவர் வீட்டில் சக்கர நாற்காலியை ஒட்டிக் கிடந்த ஒரு கருங்கல்லில் வலது கட்டைவிரலை இடித்துக்கொண்டதில் நகமே கறுத்துப் போயிருந்தது. ஆனால் எந்தக் கால் என்பதே மறந்து போகிற அளவுக்கு, இந்த ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னல் அவனைப் படுத்தியது. ஜன்னலுக்குள்ளே ஆளுயரத்துக்கு ஒரு கல்யாணப் படம், தங்க நிறச் சட்டம் போட்டு. மாப்பிள்ளை இந்த ஸ்டுடியோக்காரர். மணப்பெண், குச்சி நாயாய்ப் பேயாய்ப் பின்னால் அலைந்து, கடைசியில் ‘நீ ரொம்ப நல்லவன்’ என்று பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிய அதே பெண். நல்லவன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அங்கே என்ன வேலை? அன்றிலிருந்து குச்சி இந்தத் தெருவைத் தவிர்த்து ஊரையே சுற்றிக்கொண்டு போகிறவன்.

ஆறடி உயரம். அகலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால்தான் குச்சி, பெற்ற அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த அம்மாவின் தங்கைதான் சித்தி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் திறந்தவள். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. அது கடிபடுகிற சத்தம் கேட்டால், எவனோ அகப்பட்டான் என்று அர்த்தம்.

“படம் நிஜமா, ஒட்டுப்போட்டதான்னு சொல்ல இந்தப் பக்கத்துல இவரை விட்டா ஆள் இல்லை. நாலு மணிக்குக் கமிட்டி உட்காரப் போகுது. உன் காதல் சோகத்தை அஞ்சு மணிக்கு வெச்சுக்கோ” என்று சொல்லி, சித்தி கதவைத் தள்ளினாள்.

வழக்கு இதுதான். பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஒரு டிரைவர். நுரையீரலில் வந்த நோய் எலும்பு வரைக்கும் இறங்கி, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரு வருஷம் தாண்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படி எழுதி வாங்கியவர்கள் ஓய்வூதிய நிதியில் இருக்கும் தங்கள் பங்கை மொத்தமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று விதி. வாங்காமல் கண்ணை மூடினால், மனைவிக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மொத்தமாக வந்தால் வீட்டுக் கடன் அடைந்து வீடு மிஞ்சும். மாதாமாதம் வருவதை வைத்துக்கொண்டு தவணை கட்டினால் அடுப்பு எரியாது, வீடு பேங்குக்குப் போய்விடும். டிரைவர் கையெழுத்துப் போட்ட மனுவை அவர் மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நேற்று நிதியின் செயலாளருக்குப் போனில் ஒரு படம் வந்தது. தெரியாத எண், இப்போது அணைந்து கிடக்கிறது. படத்தில் அதே டிரைவர், தன் வீட்டு மாடிப்படியில், தோளில் ஒரு சிமென்ட் மூட்டையோடு நிற்கிறார். கீழே ஒரு வரி: ‘சாகப்போகிறவர் மூட்டை தூக்குகிறார். விசாரிக்கவும்.’

செயலாளர் ஏற்கெனவே சூடுபட்டவர். இதே மாதிரி மொத்தமாக வாங்கிக்கொண்டு போன ஒருத்தர், அடுத்த வருஷம் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிக்கொண்டு பேப்பரில் சிரித்தார். அதனால் டாக்டர் சான்றிதழை மட்டும் நம்ப அவர் தயாராக இல்லை. சித்தியைக் கூப்பிட்டு விதிகளை முதலிலிருந்து கடைசி வரை ஒரே குரலில் வாசித்துக் காட்டினார். குச்சிக்குப் பாதியிலேயே கண் சொருகிவிட்டது. இன்று நாலு மணிக்கு நிதிக் கமிட்டியில் மனு தள்ளுபடியானால், அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை டிரைவர் தாங்குவாரா என்று மட்டும் அந்த அறையில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

காலையில் டிரைவரிடமே படத்தைக் காட்டினார்கள். அவர் பதில் தயாராக வைத்திருந்தார். “ஒட்டுப்போட்ட படம்மா. எல்லாம் அந்த மெக்கானிக் வேலை. டெப்போவுல என்கூட வேலை பார்த்தவன். என் சம்சாரத்தை முதல்ல பெண் கேட்டு வந்தவன் அவன்தான். அவளை எனக்குக் கொடுத்துட்டாங்க. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலை. கல்யாணமே பண்ணிக்காம உட்கார்ந்திருக்கான்.”

குச்சிக்கு அப்போதே வழக்கு முடிந்துவிட்டது. அடுத்தவன் பெண்டாட்டியை மனசில் வைத்துக்கொண்டு கல்யாணம் கட்டாமல் இருக்கிறவன் எந்த அளவுக்குப் போவான் என்று அவனுக்குத் தெரியாதா என்ன. அவனே அந்த ரகம்தான்.

ஸ்டுடியோக்காரர் எழுந்து வந்து வரவேற்றார். அதுதான் கொடுமை. ஆள் கெட்டவனாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாம். இந்த மனுஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “கால்ல என்னங்க அடி? ஐஸ் வெக்கட்டுமா?” என்று கேட்கிறார்.

“வேண்டாம். எனக்கு வலி பழகிடுச்சு” என்றான் குச்சி.

சித்தி அவன் முதுகில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தாள்.

படம் பெரிய திரையில் விரிந்தது. ஸ்டுடியோக்காரர் ஓரங்களைப் பெரிதாக்கினார், நிழலைப் பார்த்தார், முகத்தையும் கழுத்தையும் பார்த்தார். “ஒட்டு கிட்டு எதுவும் இல்லைங்க. இவர் நிஜமாவே அந்தப் படியில நின்னிருக்கார். மூட்டையும் நிஜமாவே தோள்ல இருக்கு.”

“அப்போ டிரைவர் நடிக்கிறார். நோயாளின்னு நினைச்சு காலையில அவருக்குத் தண்ணியெல்லாம் எடுத்துக் கொடுத்தேனே” என்றான் குச்சி.

“இன்னொண்ணுங்க” என்றார் ஸ்டுடியோக்காரர். “இது கையில பிடிச்சு எடுத்த படம் இல்லை. மறைஞ்சு நின்னு எடுக்கறவன் பதட்டத்துல கோணலாத்தான் எடுப்பான். இது நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. கீழ் ஓரத்துல மங்கலா ஒரு பட்டை தெரியுது பாருங்க, அது ஒரு சுவரோட மேல்பக்கம். போனைச் சுவர் மேல நிறுத்தி வெச்சு, தானா எடுக்கற மாதிரி பண்ணியிருக்காங்க.”

காலையிலிருந்து அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தவன் குச்சி. அந்தப் பட்டை அவன் கண்ணில் படவே இல்லை. “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான். யாரும் நம்பவில்லை.

சித்தி திரைக்குப் பக்கத்தில் போய், “மூட்டையோட ரெண்டு முனையையும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க” என்றாள். பண்ணினார். பார்த்தாள். கிராம்பு கடிபட்டது. குச்சி என்னவென்று கேட்டதற்கு, “நீ எப்பவாவது மூட்டை தூக்கியிருக்கியா?” என்று திருப்பிக் கேட்டாள்.

“உங்க கைப்பையைத் தூக்கியிருக்கேன். அதுக்கு மேல என்ன வேணும்?”

அப்போது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் ஸ்டுடியோக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டது. பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, வெறும் ‘என்னங்க’ தான். அந்த ஒரு வார்த்தைக்குக் குச்சியின் விரல்கள் ஸ்டூலை இறுக்கிப் பிடித்தன. சண்டை போட்ட குரலாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான். இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் நொண்டாமலேயே வெளியே வந்துவிட்டான்.

*

டிரைவர் வீட்டுக்குப் பக்கத்து மனையில் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே மார்பளவுக்கு ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், புதுக் கட்டடத்தின் சுவர் ஒரு சாண் இடம் விட்டு எழும்பியிருந்தது.

“இந்தச் சந்துல ஆள் நிக்க முடியுமா?” என்றாள் சித்தி.

“நானே நிக்க முடியாது. அப்புறம் யார் நிப்பாங்க?”

“அப்போ போனை இந்தப் பக்கம் இருந்துதான் வெச்சிருக்கணும். டிரைவர் வீட்டு முற்றத்துல இருந்து. மேல என்ன இருக்கு பாரு.”

குச்சி மதிலின் மேலே பார்த்தான். தூசியில் இரண்டு சின்னக் கருங்கல் துண்டுகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு போன் மாட்டி நிற்கிற அளவுக்குச் சந்து. அந்த இடத்தில் மட்டும் தூசி துடைத்துவிட்டது போல இருந்தது. கல்லை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். “மெக்கானிக் புத்தி. எதையும் முட்டுக் கொடுத்து நிறுத்தற புத்தி” என்றான்.

முற்றத்துக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. டிரைவரின் மனைவி, மருந்துக்கடையில் பில் போடுகிறவள், மத்தியானத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சித்தியைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் இருந்த தலையணை உறையைக் காட்டிப் பேச்சை மாற்றினாள்.

“பாருங்க மேடம். ரெண்டு தடவை அலசிட்டேன், சாம்பல் கலர் போக மாட்டேங்குது. எல்லாம் இந்தப் புதுக் கட்டடத்துத் தூசி. இதுல தலை வெச்சுப் படுத்தா இவருக்கு இருமல் வராம என்ன செய்யும்?”

சித்தி உறையை வாங்கி முகர்ந்தாள். பிறகு கொடியைப் பார்த்தாள். பக்கத்திலேயே ஒரு வெள்ளைச் சேலை, பளிச்சென்று தொங்கியது. மறுபடியும் கிராம்பு கடிபட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மெக்கானிக் வந்தார். இரண்டு கையிலும் வெந்நீர் வாளி. டிரைவரைக் கமிட்டிக்கு அழைத்துப் போகும் முன் குளிப்பாட்டுவதற்காம். தினமும் சாயங்காலம் வந்து செய்கிறாராம், இன்று முன்னாலேயே வந்திருக்கிறார். முழங்கை வரைக்கும் நரம்பு ஓடிய கை, நரைக்க ஆரம்பித்த மீசை, பேசுவதற்கு முன் தரையைப் பார்க்கிற வழக்கம். நல்ல மனுஷன் வேஷத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல இருக்கிறானே என்று குச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க” என்றான் வெடுக்கென்று.

மெக்கானிக் வாளியை இறக்கி வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். பட்டன் போன். மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

“இதுல படம் எடுக்க வருமா?”

“இதுல பேசினாலே எதிர்ப்பக்கம் கேட்காது தம்பி. நான் இங்க வர்றதே, போன் பண்ணிக் கேட்டா எதுவும் புரியாதுங்கறதாலதான்.”

குச்சிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. வேறு ஒரு போன் எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பான் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல மனசு வரவில்லை.

*

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டிரைவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நடு அறையில் விட்டார்.

“இங்க பாருங்க, அந்தக் கல்லை வெச்சுடுங்க. இல்லேன்னா இவர் சத்தம் போடுவார்” என்றாள் மனைவி.

மெக்கானிக் குனிந்து சக்கரத்துக்கு முன்னால் ஒரு கருங்கல்லும் பின்னால் ஒரு கருங்கல்லும் வைத்தார். அப்புறம் வண்டி கூப்பிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

மனைவி சித்தியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். “முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் மேடம். அணை வைக்காம எதையும் நிறுத்த மாட்டார். கேஸ் சிலிண்டருக்குக்கூடக் கல்லு. போன மாசம் பூந்தொட்டிக்கு வெச்சார்.”

குச்சியின் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மதில் மேல் இருந்ததும் அப்படித்தான்.

ஆனால் அவன் மனசைப் பிடித்து இழுத்தது கல் இல்லை. மனைவி ‘இங்க பாருங்க’ என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டபோது, டிரைவரின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்ததைக் குச்சி பார்த்திருந்தான். கொஞ்ச நேரம் முன்னால், மாடியிலிருந்து வந்த ‘என்னங்க’வுக்கு அவன் விரல்களும் ஸ்டூலை அப்படித்தான் பிடித்தன.

“சித்தி” என்றான் மெதுவாக. “எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எனக்குப் பாதிதான் தெரியும். எப்படின்னு தெரியும், ஏன்னு தெரியலை. நீயே ஆரம்பி.”

குச்சி இரண்டு கல் துண்டுகளையும் எடுத்து டிரைவர் மடியில் வைத்தான். “மதில் மேல போனை நிறுத்தி வெச்சிருந்த கல்லு. போன் சரியாம இருக்க முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பஸ்ஸை நிறுத்தற மாதிரி.”

டிரைவர் கல்லைத் தொடவில்லை.

சித்தி கொடியிலிருந்து கையோடு கொண்டுவந்த தலையணை உறையை நீட்டினாள். “கட்டடத்துத் தூசின்னா பக்கத்துல தொங்கற வெள்ளைச் சேலையிலயும் படணும். இந்த உறையை மட்டும் தேடி வந்து ஒட்டாது. சிமென்ட் மூட்டை தோள்ல விழுந்தா ரெண்டு முனையும் தொங்கும் டிரைவர் சார். படத்துல ரெண்டு முனையும் நிமிர்ந்து நிக்குது. காலிச் சிமென்ட் சாக்குக்குள்ள ரெண்டு தலையணையைத் திணிச்சுத் தூக்கியிருக்கீங்க. உங்க சம்சாரம் கடைக்குப் போயிருந்த நேரத்துல, நாலு எட்டு நடந்து, நீங்களே படம் எடுத்து, வேற ஒரு சிம்மைப் போட்டு நீங்களே அனுப்பியிருக்கீங்க. அப்புறம் ஒட்டுப்போட்ட படம்னு எங்ககிட்ட சொன்னீங்க. நாங்க ஸ்டுடியோவுக்குப் போய் நிஜப் படம்னு கண்டுபிடிப்போம், மனு போயிடும், பழி மெக்கானிக் மேல விழும். எல்லாம் சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. உங்க மனுவை நீங்களே ஏன் கெடுக்கணும், அதுதான் எனக்குப் பிடிபடலை.”

“நான் சொல்றேன்” என்றான் குச்சி. செயலாளர் வாசித்த விதிகளில் பாதிக்குத்தான் அவன் தூங்கினான். கடைசி வரிக்கு முழித்துக்கொண்டு விட்டான். “மாசா மாசம் வர்ற பணம், மனைவி மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா நின்னுடும். மொத்தமா வாங்கினா அந்தக் கட்டு கிடையாது. சார் கணக்குப் போட்டதெல்லாம் தான் செத்ததுக்கு அப்புறம் யார் இந்த வீட்டுக்குள்ள வருவாங்கன்னுதான்.”

வாசற்படியில் டிரைவரின் மனைவி நின்றபடியே இருந்தாள். அவளை உள்ளே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போயிருக்க மாட்டாள்.

டிரைவர் இருமினார். இருமி முடிக்கச் சில நிமிஷம் ஆயிற்று. பிறகு குச்சியைத்தான் பார்த்துப் பேசினார், இந்த அறையில் அவனுக்குத்தான் புரியும் என்பது போல.

“கல்யாணமான மறுநாள்லேருந்து அவனை இவ ‘அண்ணே’ன்னுதான் கூப்பிட்டா. எனக்கு அது போதுமா இருந்துச்சு. இப்போ ரெண்டு மாசமா அண்ணேயைக் காணோம். ‘இங்க பாருங்க’, ‘ஒரு நிமிஷம் வாங்க’. நான் நாற்காலியில இருக்கேன், காது நல்லா கேட்குது. கேட்டுக்கிட்டே இருக்கேன் தம்பி. நான் கட்டின வீடு. என் வீட்டுல, என் இடத்துல, அவன் கால் நீட்டி உட்காருவான். அது கண்ணு முன்னாடி வருது. சாவு வரலை, அதுதான் வருது. அதுக்கு வீடே போகட்டும். இவ தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவா, மாசா மாசம் பணம் வரும், அந்தப் பணத்துக்காகவாவது இவ...”

“மனுவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?” என்றாள் சித்தி.

“சொன்னா ஏன்னு கேட்பா. என்னன்னு சொல்வேன்?”

மனைவி உள்ளே வந்தாள். கத்துவாள் என்று குச்சி எதிர்பார்த்தான். அவள் கணவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணேன்னு கூப்பிடறதை நிறுத்திட்டேன். நிஜம்தான்” என்றாள். “தினமும் வந்து உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டறார். நீங்க அவரை நாய் மாதிரி விரட்டறீங்க. மறுபடியும் வர்றார். உறவு சொல்லி வேலை வாங்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதுக்கு மேல என் மனசுல என்ன இருக்குன்னு கேட்டா, எனக்குத் தெரியலைங்க. நீங்க இல்லாத வீட்டுல நான் எப்படி இருப்பேன்னே எனக்குத் தெரியலை, அப்புறம் யார்கூட இருப்பேன்னு எங்க தெரியும்?”

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இந்தப் பக்கம் பாருங்க. ஒண்ணு மட்டும் தெரியும். பணம் நின்னுடுமேன்னு நான் தனியா இருந்தேன்னு வெச்சுக்கோங்க. உங்களை நினைச்சுத் தனியா இருக்கேனா, பணத்துக்காக இருக்கேனான்னு ஊருக்கும் தெரியாது, எனக்கே தெரியாமப் போயிடும். நான் உங்களுக்காக அழறதையும் சம்பளத்துக்கு அழறதா ஆக்கிட்டுப் போகப் பார்த்தீங்களே. அதுதான் எனக்குத் தாங்கலை. வீடு போனாப் போகட்டும்.”

குச்சிக்கு ஏதாவது ஜோக் சொல்லிவிட்டுத் தப்பித்து ஓட வேண்டும் போலிருந்தது. தங்கச் சட்டத்துக்குள் இருந்த அந்தப் படம் ஏனோ நினைவுக்கு வந்தது. அதை எரிச்சல் இல்லாமல் நினைத்தது அதுதான் முதல் தடவை. எரிச்சல் இல்லை என்று சொல்வது கொஞ்சம் அதிகம், குறைவாக இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

டிரைவர் ரொம்ப நேரம் தன் மனைவியின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், “அந்தக் கல்லை எடு.”

அவள் முன்னால் இருந்த கல்லை எடுத்தாள்.

“பின்னாடி இருக்கறதையும் எடு. நாலு மணிக்குன்னாங்களே. நானே வந்து சொல்றேன்.” மெக்கானிக்கைப் பார்த்து, “நீ தள்ளு. மெதுவாத் தள்ளு” என்றார். குரலில் பொறாமை அப்படியேதான் இருந்தது. அதோடுதான் சொன்னார்.

வண்டிக்குப் பின்னால் ஆட்டோவில் போகும்போது குச்சி ஸ்டுடியோக்காரருக்கு ஒரு மெசேஜ் அடித்தான். ‘நீங்க சொன்னது சரிதான். நன்றி.’ நன்றியை இரண்டு தடவை அழித்தான். மூன்றாவது தடவை அழிக்காமல் அனுப்பிவிட்டு, போனைச் சித்தி பார்க்காதபடி கவிழ்த்து வைத்துக்கொண்டான். சித்தி பார்த்துவிட்டாள்.

*

கமிட்டி அறையில் நீள மேஜை, ஒரு பக்கமாக ஐந்து பேர், நடுவில் செயலாளர். சித்தி பேச்சை வளர்க்கவில்லை. மூட்டையின் முனைகளைக் காட்டினாள், உறையை மேஜையில் வைத்தாள். “சாக்குக்குள்ள இருந்தது ரெண்டு தலையணை. தலையணை தூக்கினாரு, அதனால இவருக்கு வியாதி இல்லைன்னு சொல்றதா இருந்தா சொல்லுங்க.”

கமிட்டியில் இருந்த வயதான டாக்டர் படத்தைப் பார்க்கவே இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தவரின் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டார். அது போதும் என்பது போலத் தலையை ஆட்டினார். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். மனைவி சுவரில் சாய்ந்து நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

செயலாளர் மட்டும் விடுவதாக இல்லை. “மனு பாஸ். ஆனா இந்தப் படத்தை அனுப்பினவனை நான் சும்மா விடப்போறதில்லை. சாகக் கிடக்கற மனுஷன் மேல இப்படி ஒரு பொறாமையா? யார் அது? உங்களுக்குத் தெரியும்தானே?”

சித்தி இதுவரை கூலி கொடுத்தவரிடம் பொய் சொன்னது கிடையாது. கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். மெக்கானிக் தரையைப் பார்த்தார். காலையில் டிரைவர் சித்தியிடம் இவர் மேல் பழி சொன்னது இவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

“எனக்குத் தெரியும் சார்” என்றார் டிரைவர்.

பின்னால் நாற்காலியைப் பிடித்திருந்த கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வருவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தார்.

“இவன் இல்லை. வேற ஒருத்தன். அவனை விட்டுடுங்க சார். அவனுக்கும் அதிக நாள் இல்லை.”